மூணாவது படியில ஒரு மணி நேரம்

உக்காருங்கப்பா எல்லாரும். அந்த நாற்காலிய இழுக்காதீங்க, கீச்சுங்குது, பல்லு கூசுது. கடலைப் பொட்டலத்த ஒண்ணு தின்னு முடிங்க, இல்ல மடியில வெய்ங்க. பின்னால ரெண்டு பேரு குசுகுசுங்கறீங்களே, உங்க பேச்சு என் பேச்ச விட ருசின்னா எந்திரிச்சு வந்து நீங்களே சொல்லுங்க, நான் அங்க உக்காந்து கடலை திங்கறேன். வரமாட்டீங்கல்ல? அப்ப வாய மூடிட்டுக் கேளுங்க. ஒரே ஒரு மணி நேரத்துக் கதை. பன்னண்டு நாப்பதுக்கு ஆரம்பிக்குது, ஒண்ணு நாப்பதுக்கு முடியுது. சண்டை கெடையாது, ஓட்டம் கெடையாது. ஒரு மனுசன் ஸ்டூல்ல உக்காந்திருக்கான், அவ்வளவுதான். ஆனா அவன் மண்டைக்குள்ள ஒருக்கா போயிட்டு வந்தீங்கன்னா அந்தக் கடலை உள்ள எறங்காது, அத மட்டும் இப்பவே சொல்லிப்போட்டேன்.

ஆளு பேரு சென்னியப்பன். நாப்பத்தேழு வயசு. கோயமுத்தூருக்கு அக்கட்டால ஒரு இன்ஜினியரிங் காலேஜு, அதுல தரைக்குக் கீழ ஜன்னலே இல்லாத ஒரு லேப்பு, அதுல அளவெடுக்கறவன். படிச்சது ஐ.டி.ஐ., பேசறது காலேஜுல இருக்கற அத்தன பேரு கொரலும். பிரின்சிபாலு கொரல்ல போனப் போட்டு கேன்டீன்ல இருந்து ஆறு டீயும் ஆறு பஜ்ஜியும் வரவெச்சவன். அன்னிக்கு அவன் மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சான், வெச்ச வேகத்துல எடுத்தான். ஈரம். கதகதன்னு அடுத்தவன் ஈரம். இப்பத்தான் மயில்வாகனன் சாரு, அவருதான் அந்த லேப்புக்குப் பெரியவரு, அதுல கண்ண வெச்சுப் பாத்து, ஆக்சுவலா ஊசி அழகா எறங்கிருக்கு மேடம்னு வழிஞ்சுபோட்டு, பெங்களூர்ல இருந்து பரிசோதிக்க வந்த சுபத்ரா மேடத்தச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. போனவரு புருவத்து எண்ணெய அந்த ரப்பர் வளையத்துலயே விட்டுட்டுப் போயிட்டாரு, கூடவே புருவத்து முடி ஒண்ணையும். முடி நரை. தலைக்குச் சாயம் அடிக்கறவரு புருவத்த மறந்துட்டாரு போல. சென்னியப்பன் சட்டை முனையால தொடச்சான். தொடச்சதும், இந்த முனைய இன்னிக்கு முழுக்க என் வயித்து மேலதான ஒட்டிக்கிட்டுத் திரியோணும்னு நெனச்சான். மணி பன்னண்டு நாப்பது. தெரையில அம்பது. பச்சைக் கலர்ல, அம்பது. இந்த அம்பது ஒண்ணு நாப்பதுக்கும் அம்பதாவே இருக்கோணும். அதுதான் அந்தம்மா வெச்சுட்டுப் போன பரீட்சை. ரிஜிஸ்டரப் பொரட்டிக்கிட்டே வந்தவங்க ஒரு பக்கத்துல நின்னாங்க, மூக்க இப்படிச் சுளிச்சாங்க, பால் திரிஞ்சுபோச்சான்னு மோந்து பாக்கறமாதிரி. அப்பறம் மெதுவா, எல்லாம் சரி இருக்கு, ஒரு செல்ல மட்டும் மூணாவது படியில எழுதி வைங்கோ, நாங்க ஊட்டா முடிச்சு வரோம், ஒரு மணி நேரம் ஆனதும் எங்க முன்னாடி படிங்கோன்னாங்க. அந்த இழுவைய, அந்த 'வைங்கோ'வ, சாப்பாட்ட ஊட்டான்னு சொன்ன அந்தக் கன்னடத்த, சென்னியப்பன் நாக்கு அப்பவே எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிச்சு. பயத்துலயும் எடுத்துக்கிச்சு பாருங்க. நாய் எலும்பப் பாத்தமாதிரி.

செல்லுன்னா நீங்க காதுல வெக்கறது இல்லீங்க. நகத்தளவு ஒரு சில்லு, அது மேல வரிசையாத் தங்கப் பொட்டு, ஒவ்வொரு பொட்டும் ஒரு செல்லு. அடியில ஒரு தகடு, மேல தங்கம், நடுவுல துரு. துருன்னு சொன்னா மயில்வாகனன் சாருக்குப் பொசுக்குனு கோவம் வந்துரும், ஆக்சைடுன்னு சொல்லுங்க சென்னியப்பன்ம்பாரு. சரி, பேரு வெச்ச துரு. தங்கத்து மேல ஒரு ஊசிய எறக்கி, அந்தத் துருவுக்குள்ள கரண்ட்ட ஏத்தி ஒரு நூல் இழுக்கறாங்க. நூலு நல்லாத் தடிச்சிருந்தா கரண்ட்டு சுளுவாப் போகுது, அது ஆமா. அறுந்து கெடந்தா போகாது, அது இல்ல. கம்ப்யூட்டரு ஞாபகம் வெச்சுக்கறது பூராவும் இந்த ஆமா இல்ல ரெண்டுதான். மூலையில கூராச் சீவுன பென்சிலோட உக்காந்திருக்குதே ஒரு புள்ளை, கோகிலவாணி, அதோட ஆராய்ச்சி என்னன்னா, ரெண்டு போதாது, நடுவால இன்னும் ரெண்டு படி வெக்கலாம்ங்கறது. தடிச்ச நூலு, ஒல்லி நூலு, மயிரிழை, அறுந்தது. ரெண்டு, பத்து, அம்பது, ஆயிரம். எல்லாம் கிலோ ஓம்சு, கரண்ட்ட எவ்வளவு மறிக்குதுங்கற அளவு. ஒரு செல்லே நாலு பேச்சுப் பேசும், ரெண்டு செல்லு பாக்கற சோலிய ஒண்ணு பாக்கும். கேக்க நல்லாத்தான் இருக்குது. மொத படியும் நாலாம் படியும் சொன்ன சொல்லுல நிக்கும், வாரம் கழிச்சு வந்தாலும் நிக்கும். நடுவுல இருக்கற ரெண்டும், அதுலயும் அந்த மூணாவது, மயிரிழை பாருங்க, எழுதுன நிமிசம் சமத்தா அம்பது காட்டும். ஆளு அக்கட்டால திரும்புனதும் மெல்ல நகரும். கெட்டுப்போன ரசத்துல மேல வட்டம் வட்டமா ஒண்ணு நகருமே, அது மாதிரி. நூத்திருவதத் தாண்டிப் போச்சுன்னா அது மூணாவது படியும் இல்ல, நாலாவதும் இல்ல, அந்தரத்துல தொங்கறது. இது சென்னியப்பனுக்குத் தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சது அவனுக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

பன்னண்டு அம்பது. ஊசி வழியா செல்லுக்கு வலிக்காத அளவுக்குச் சின்னக் கரண்ட்டு ஓடிக்கிட்டே இருக்குது, தெரையில எண்ணு தானா மாறும். அம்பத்தி நாலு. பரவால்ல, அம்பத்தி நாலுன்னா அம்பதுதான, நாலு என்ன நாலு, வீட்ல அஞ்சரைக்கு அலாரம் வெச்சா அஞ்சம்பதுக்கு எந்திரிக்கறமே. மேல மாடியில இருந்து வாசம் எறங்கி வருது. விருந்தாளிக்குன்னு வெளிய சொல்லி வாங்குன சாப்பாடு, காலிபிளவர் வறுவலு, நெய்யி, அதோட ஏசிக்குள்ள இருக்கற பழைய பாசி வாசமும் சேந்து, மூக்குல ஒரு நாத்தம். வேர்த்த கால்ல நெய் ஊத்துன மாதிரி. அவன் டிபன் பாக்ஸுல தட்டப்பயறுக் கொழம்பு இருக்குது. தொறக்கல. தொறந்தா அதுவும் இதே வாசந்தான் வீசும். கையில ரப்பர் கிளவுஸு, உள்ள வேர்வை, வெரலெல்லாம் வெந்த இட்லி மாதிரி வெளுத்து ஊறிப் போயிருக்கும். கழட்டிப் பாக்கவும் புடிக்கல. இந்த வெரலுதான் ரிஜிஸ்டர்ல எழுதுச்சு. நூத்தி அறுவது வரி. மூணு மாசம். ஒவ்வொரு வரியிலயும் எழுதுன மணி, படிச்ச மணி, நடுவுல கரெக்ட்டா ஒரு மணி நேரம். காலையில பத்து பத்து, பதினொண்ணு பத்து. காத்திருக்கவே இல்ல. ஒரு நிமிசம் கூட இல்ல. எழுதுவான், ஒடனே படிப்பான், ஊசியத் தூக்குவான், படிச்ச மணியில ஒண்ணக் கூட்டிப் போடுவான்.

பக்கத்துலயே ஒர்க்ஷாப்பு, அங்க பவர் பிரஸ்ஸு தொம்மு தொம்முன்னு இடிக்கும், மேசை ஆடும், எறக்கி வெச்ச ஊசி தங்கத்தக் கீறி செல்லு செத்துப்போகும். மொத வாரத்துல நெசமாவே காத்திருந்தான், மூணு செல்லு செத்துச்சு, ஒரு வரி கூடத் தேறல. மயில்வாகனன் சாரு கத்துனாரு, ஆக்சுவலா இந்தச் சில்லு எத்தன கைமாறி வருதுன்னு தெரியுமா உங்களுக்குன்னு. அன்னிக்குத்தான் சென்னியப்பன் மூளைக்கு ஒரு கணக்கு தட்டுப்பட்டுச்சு. எழுதுனது எழுதுனதுதான, செவுத்துல சுண்ணாம்புல எழுதுனா இப்பப் படிச்சா என்ன, மத்தியானம் படிச்சா என்ன, அதே எழுத்துதான. ஊசியும் தப்பிக்கும், செல்லும் தப்பிக்கும். நல்ல மனசோடதான் செஞ்சான். நல்ல மனசா? பாதி. மீதி என்ன, நூத்தி அறுவது மணி நேரம் இந்தப் பொதைகுழியில எவன் உக்காருவான்ங்கறது. அந்தப் பாதிய நெனச்சதும் வாயில எச்சில் ஊறுச்சு, முழுங்கறதுக்குப் புடிக்காத எச்சில். அப்பறம் ஒரு நாளு. மேல பியூஸு போச்சுன்னு கூப்ட்டாங்க, எழுதுன செல்ல அப்படியே வுட்டுட்டு ஓடுனான், வந்து பாத்தா அம்பதக் காணோம். நூத்தி முப்பது. திரும்பப் பாத்தான், நூத்தி முப்பத்தி ஒண்ணு. செவுத்துல எழுத்து நடந்து போனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. என்ன பண்ணுனான்ங்கறீங்க? திரும்ப எழுதுனான், ஒடனே படிச்சான், அம்பதுன்னு போட்டான். டீ குடிக்கப் போயிட்டான். அந்த டீ நல்லா இருந்துச்சு. அதுதான் இப்ப நெஞ்சுல நிக்குது, டீ நல்லா இருந்துச்சு.

ஒண்ணு அஞ்சு. அறுவத்தி ரெண்டு. சும்மாவே இருக்க முடியாத வாயி. அம்மணி, ஊட்டா ஆயித்தா, நெய்யி சாக்கா, போதுமா, இன்னும் கொஞ்சம் ஆக்சைடு போட்டுக்கறீங்களான்னு மேடம் கொரல்ல மூலையப் பாத்து எடுத்து வுட்டான். கோகிலவாணி நிமிந்து பாத்துச்சு. சிரிக்கல. திரும்பக் குனிஞ்சுக்கிச்சு. அதோட பேருக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது பாத்துக்குங்க, குயில் மாதிரி பேசோணும்னு அப்பனாத்தா வெச்ச பேரு, நாலரை வருசத்துல அந்த லேப்புல அது பேசுனத ஒரு டம்ளர்ல புடிச்சா அடி நனையாது. டெய்லி ஒரு மணிக்கு அவங்கப்பா போன் பண்ணுவாரு. இங்கிருந்து போறது 'ம்'. சித்த நேரம் கழிச்சு 'ம்'. முடியறப்ப 'ம்'. இன்னிக்கும் அதே மூணு 'ம்' போயிருச்சு. சென்னியப்பன் மயில்வாகனன் சாரப் பேசுவான், ஆக்சுவலாவுக்கு முன்னாடி நாக்க ஒரு சொடுக்கு சொடுக்குவாரே, அத வரைக்கும். வாட்ச்மேன், ரிஜிஸ்ட்ராரு, லைப்ரரியில தும்மிக்கிட்டே பேசற அந்தம்மா, எல்லாரும் அவன் தொண்டையில வரிசை கட்டி நிக்கறாங்க. இந்தப் புள்ளை மட்டும் இல்ல. 'ம்'ம வெச்சு என்ன பண்றது, 'ம்'முல மொகம் இல்லையே. அஞ்சாவது வருசம் முடியப் போகுது, இனி நீட்டிப்பு கெடையாதுன்னு லெட்டர் வந்திருச்சு. இன்னிக்கு அம்பது நின்னா பட்டம். நிக்கலைன்னா மூணு மாச அளவும் குப்பை, அந்தப் புள்ளை எந்த மொகத்தோட ஊட்டுக்குப் போகும்? இவன் வெரலு எழுதுன பொய்ய அது பைண்டு பண்ணி, தங்க எழுத்துல பேரு போட்டு, சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிருக்கும் இன்னேரம். 

கொரலு எடுக்கறதே ஒரு அசிங்கம்டான்னு தோணுச்சு. எப்பவும் தோணாதது இன்னிக்குத் தோணுது. அடுத்தவன் மென்னு துப்புனத எடுத்து நம்ம வாயில போட்டுச் சவைக்கறது. எல்லாரும் சிரிக்கறாங்க, இன்னொருக்கா மெல்லுன்னு கேக்கறாங்க. முன்னால பஞ்சு மில்லுல இருந்தப்ப மாசிலாமணின்னு ஒரு சேக்காளி. இருவத்தி ரெண்டு வயசுல ரெண்டு பேரும் ஒரே ஷிப்டு, ஒரே சைக்கிளு. பஞ்சச் சீவற கார்டிங் மிஷினு மூடியக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னது மேஸ்திரி, வேகமா ஓடும்னு. மாசிலாமணி கை உள்ள போச்சு. பஞ்சு செவந்து வந்துச்சு. ரெண்டு வெரலு. அந்தப் பஞ்சுச் சுருளு மிஷினு நிக்கற வரைக்கும் வெளிய வந்துக்கிட்டே இருந்துச்சு, வெள்ளை, செவப்பு, வெள்ளை. விசாரணைக்கு ஒரு ஆபீசரு வந்தாரு. சென்னியப்பன நிக்க வெச்சு, மிஷினு மூடி போட்டிருந்துச்சான்னு கேட்டாரு. பின்னாடி மேஸ்திரி. சென்னியப்பன் தலைய ஆட்டுனான். எப்படி ஆட்டுனான்னா, மேலயும் கீழயும் இல்ல, பக்கவாட்டுலயும் இல்ல, நடுவால, கோயில் மாடு மாதிரி ஒரு ஆட்டு. ஆமாங்கறமாதிரியும் இருக்கும், என்னைய ஏன் கேக்கறீங்கங்கறமாதிரியும் இருக்கும். ஆபீசரு ஆமான்னு எழுதிக்கிட்டாரு. தப்பு மாசிலாமணி மேலன்னு முடிஞ்சுபோச்சு. நான் ஆமாங்கலையேன்னு சென்னியப்பன் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். இல்லைங்கவும் இல்லையேடா. அது கூடப் பரவால்ல. பத்து நாள் கழிச்சு டீக்கடையில, மாசிலாமணி எப்படிடா கத்துனான்னு எவனோ கேட்டான். சென்னியப்பன் கத்திக் காட்டுனான். அப்படியே. அந்த ஏத்தம், அந்த நடுவுல மூச்சு வாங்குனது, கடைசியில அம்மாவக் கூப்ட்டது. எல்லாரும் டீயத் துப்பிச் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அந்தக் கத்தலு இன்னும் அவன் தொண்டையிலதான் இருக்குது, மத்த கொரலுக கூட, ஒரே வரிசையில. கூப்ட்டா வரும். கூப்புடாமயும் வரும்ங்கறது இந்த ஸ்டூல்ல உக்காந்ததும்தான் தெரிஞ்சுது.

ஒண்ணு இருவது. எம்பத்தி ஒம்போது. பவர் பிரஸ்ஸுக்கு இது சாப்பாட்டு நேரம், ஆடவே இல்ல, ஊசி கல்லாட்டம் நிக்குது. அதனால ஊசி மேல பழி போடறதுக்கும் வழியில்ல. மயில்வாகனன் சாருக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும். தெரியாது. மாசா மாசம் வருவாரு, ரிஜிஸ்டரப் பாப்பாரு, தயிர்சாதம் தின்ன கையோட பக்கத்தப் பொரட்டுவாரு, மூலையில மஞ்சக் கறை ஒட்டும், ஊறுகாய்க் கறை. காத்திருந்து படிச்சதுதான சென்னியப்பன்ம்பாரு. சென்னியப்பன் தலைய ஆட்டுவான். அதே ஆட்டு. சாரு ஆக்சுவலா வெரி குட்ம்பாரு. அவரு கேட்ட கேள்வியும் ஒரு மயிரிழை, இவன் ஆட்டுன தலையும் ஒரு மயிரிழை, ரெண்டயும் முடிச்சுப் போட்டு ஒரு ஆராய்ச்சியத் தொங்க வுட்டுட்டாங்க. கழுத்தத் தொட்டுப் பாத்தான். கிளவுஸுப் பிசுபிசுப்போட கழுத்து யாரோ ஒருத்தன் கழுத்து மாதிரி இருந்துச்சு, பின்னங்கழுத்துல பல்லி உக்காந்த மாதிரி. இந்தக் கழுத்துக்குள்ளயும் ஒரு துரு இருக்கும் போல. எவன் கேட்டாலும் நடுப்படியில நிக்கும், ஆளு திரும்புனதும் நகரும்.

எழுதற பட்டன் வலது கைக்கு அரையடி தூரத்துல இருக்குது. ஒரு அமுக்கு, ரெண்டு செகண்டு, திரும்ப அம்பது. அவங்க படியெறங்கற சத்தம் கேக்கும், அப்ப அமுக்குனாப் போதும். எந்தக் கடவுளுக்கும் தெரியாது. அந்தப் புள்ளைக்காகச் செய்யலாம்ல? செய்யலாம். செஞ்சா புண்ணியம். நாலரை வருசம் பச்சைத் தண்ணி மாதிரி உக்காந்திருந்த புள்ளைக்கு ஒரு பட்டனு அமுக்கக் கூடாதா? அப்பறம் மெல்ல அடியில இருந்து இன்னொரு கொரலு, அது யாரு கொரலும் இல்ல, புள்ளைக்காகவாடா, உன் தோலுக்காகடான்னுச்சு. வாயில அந்தப் பழைய டீ ருசி வந்துச்சு. கண்ண எங்கயாச்சும் வெக்கலாம்னு ரிஜிஸ்டர எடுத்தான். ஊறுகாய்க் கறை. அதத் தாண்டி ஓரத்துல சின்னச் சின்னப் புள்ளி. இதுகள அவன் முன்னயே பாத்திருக்கான், ஈ எச்சம்னு நெனச்சு ஒருக்கா எச்சில் தொட்டுத் தேச்சிருக்கான், கலங்கி பரவிப்போச்சு. இப்பத்தான் கிட்டக்க வெச்சுப் பாத்தான். பென்சில். கூரான பென்சில்ல வெச்ச புள்ளி. மொத படி வரியில புள்ளி இல்ல. நாலாம் படியில இல்ல. ரெண்டாவது, மூணாவது, நகர்ற படிக்கு மட்டும். ஒவ்வொரு வரிக்கும். ஆரம்பத்துல இருந்து. இந்த ரூம்புல கூரான பென்சில் வெச்சிருக்கறது ஒரே ஒரு ஆளு.

அவன் தலையத் தூக்கல. தூக்குனா அது பாத்துட்டு இருக்கும். டெய்லி இருந்துச்சே, அந்த மூலையில, அந்த ஸ்டூல்ல, டிபன் பாக்ஸ மடியில வெச்சுக்கிட்டு. ஒரு நிமிசத்துல ஊசியத் தூக்கறத டெய்லி பாத்திருக்குமே. ஏன் அவனுக்கு அது ஒரு ஆளாவே தோணல? கம்ப்யூட்டரு மூடியிருக்கற துணி இருக்குது, கொடை மாட்டற ஆணி இருக்குது, கோகிலவாணி இருக்குது. அதுக்கு முன்னாடியே மூக்க நோண்டியிருக்கான், கிளவுஸ மோந்து பாத்திருக்கான், பொய் மணி போட்டிருக்கான். ஒடம்பு பூரா யாரோ பாத்த கண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கறமாதிரி அரிச்சுது. அடுத்த நிமிசம் கோவம். தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல? உம் பட்டம்தான அம்மணி, என்ன கேட்டிருக்கலாம்ல, ஏங்கண்ணா காத்திருக்கலையான்னு ஒரு வார்த்தை, நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பான்ங்கறதும் அவனுக்கே தெரியும். மேடம் கொரல்ல ஒண்ணு, சாரு கொரல்ல ஒண்ணு எடுத்து வுட்டு, சிரிக்க வெக்கப் பாத்து, தலைய ஆட்டியிருப்பான்.

ஒண்ணு முப்பத்தி நாலு. நூத்திப் பதினேழு. இன்னும் மூணு. இன்னும் மூணுக்குள்ள நில்லு சாமின்னு கும்புட்டான், துருவப் பாத்து. மேல நாற்காலி இழுக்கற சத்தம், கீச்சுன்னு. கை தானா நகந்து பட்டனுக்கு மேல போயி நின்னுச்சு. தொடல. எடுக்கவும் இல்ல. வெரலுக்கும் பட்டனுக்கும் நடுவுல ஒரு நெல்லுமணி எடம். இங்கயும் நடுப்படிதானாடா நாயேன்னு தன்னையே திட்டுனான். மூலையில டிபன் பாக்ஸு மூடி லேசா டக்குன்னு சத்தம் போட்டுச்சு. அவ்வளவுதான் சத்தம். சென்னியப்பன் ரெண்டு கையையும் எடுத்து தொடைக்கு அடியில வெச்சு அழுத்தி அது மேலயே உக்காந்துக்கிட்டான். கிளவுஸுக்குள்ள வேர்வை பிதுங்கி மணிக்கட்டு வழியா ஒழுகுச்சு. இது போதும், கை ரெண்டும் சிறையில, இனி நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரு நிம்மதி. ஒண்ணு முப்பத்தி எட்டு. நூத்தி இருவத்தி ரெண்டு. போச்சு.

கதவு தொறந்துச்சு. மொதல்ல வந்தது பீடா வாசம், பொறகு மயில்வாகனன் சாரு, பொறகு சுபத்ரா மேடம். மேடம் நேரா தெரையப் பாத்தாங்க, நூத்தி இருவத்தி நாலுன்னு சத்தமாப் படிச்சாங்க. ரிஜிஸ்டர் முழுக்க அம்பதும் அம்பத்தி ரெண்டுமா இருக்கு, இது ஒண்ணு மட்டும் ஏன் ஓடிச்சுன்னு கேட்டாங்க. சாரு பல்லிடுக்குல பாக்கத் துழாவுன நாக்க நிறுத்துனாரு. சிரிச்சாரு. செவந்த சிரிப்பு. சென்னியப்பன் பக்கம் திரும்பி, நாக்க ஒரு சொடுக்கு.

"ஆக்சுவலா சென்னியப்பன், இது இன்னிக்கு மட்டும் ஏதோ கோளாறு. மத்ததெல்லாம் ஒரு மணி நேரம் காத்திருந்துதான படிச்சீங்க?"

சாரு கண்ணு ரெண்டும் ஆமாங்குன்னு புடிச்சுத் தள்ளுது. கை தொடைக்கு அடியில பத்திரமா இருக்குது. இல்லைங்கன்னு சொல்லு. ரெண்டு எழுத்து மூணு எழுத்து, எத்தனயோ, சொல்லு. தொண்டையில போயித் தேடுனான், வாட்ச்மேன் நிக்கறான், பிரின்சிபாலு நிக்கறாரு, மாசிலாமணி கத்திட்டு நிக்கறான், இல்லைங்கறதுக்கு ஒருத்தனும் முன்னால வரல. அப்பத்தான் கழுத்துல பல்லி நெளிஞ்சுது. கையக் கட்டிப்போட்டவன் தலைய மறந்துட்டான் பாருங்க. தலை ஆடுச்சு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நடுவால, அந்தக் கோயில் மாட்டு ஆட்டு.

ஆமாங்கறாரு மேடம்னு சாரு சட்டுனு சொன்னாரு.

அப்ப மூலையில ஸ்டூலு நகந்துச்சு. கோகிலவாணி எந்திரிச்சு நிக்குது. டிபன் பாக்ஸ மேசை மேல வெச்சுது, பென்சில அது பக்கத்துல நேரா வெச்சுது. அது பேசுன கொரல சென்னியப்பன் இன்னிக்கு வரைக்கும் எடுத்துக் காட்டுனதில்ல, நானும் எடுத்துக் காட்டப் போறதில்ல, சொன்னத மட்டும் சொல்றேன்.

"அவரு காத்திருக்கலைங்க சார். மூணு மாசமாக் காத்திருந்தது நானு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் வாயத் தொறந்து இல்லைன்னு சொல்லுவீங்கன்னு."